இரண்டு நடுத்தர மின்சார எஸ்யூவிகளில் எதை வாங்குவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான்கைந்து வண்டிகளில் தொடங்கி, கடைசியில் இரண்டே இரண்டு வண்டிகளுக்கு நடுவே வந்து நின்றுவிட்டவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மின்சாரக் கார் ஓட்டத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. வாங்கும் முன் யாராவது சொல்லியிருக்கலாமே என்று நான் நினைத்த விஷயங்களை இங்கே சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்காக, பல நாடுகளில் விற்பனையாகும் டெஸ்லா மாடல் ஒய், ஹூண்டாய் ஐயோனிக் 5 ஆகிய இரண்டையும் அவ்வப்போது பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். உங்கள் பட்டியலில் வேறு இரண்டு வண்டிகள் இருந்தாலும் கணக்கு இதேதான்.

ஒப்பீட்டை எங்கிருந்து தொடங்குவது?

வண்டியிலிருந்து தொடங்காதீர்கள். உங்கள் பயணத்திலிருந்து தொடங்குங்கள். ஓர் ஆண்டில் நீங்கள் உண்மையாகவே போகும் பயணங்களில் மிகக் கடினமானது எது என்று யோசித்து அதைத் தாளில் எழுதுங்கள். எத்தனை கிலோமீட்டர், எத்தனை பேர், எவ்வளவு சாமான், எந்த வேகம், ஏசி ஓடுமா, வழியில் மலை ஏறுமா, போய்ச் சேரும் இடத்தில் சார்ஜ் செய்ய வழி இருக்கிறதா. அதற்குக் கீழே உங்கள் சாதாரண வாரத்தை எழுதுங்கள்: நாளொன்றுக்கு எவ்வளவு தூரம், இரவில் வண்டி எங்கே நிற்கும்.

இந்த இரண்டு பத்திகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு வண்டிகளையும் பார்த்தால், விளம்பரத் தாளில் இருக்கும் எண்களில் பாதி உங்களுக்குத் தேவையற்றவை என்று தெரியும். மீதிப் பாதியில் சில எண்கள் அந்தத் தாளில் அச்சாகியே இருக்காது. அவற்றைத்தான் நாம் தேடப்போகிறோம்.

ஒரு சார்ஜில் 600 கிலோமீட்டர் என்கிறார்கள். நம்பலாமா?

எந்தச் சோதனையில் கிடைத்த எண் என்று கேட்காமல் நம்பக் கூடாது. ஐயோனிக் 5 இதற்கு நல்ல சான்று. 72.6 கிலோவாட் மணி மின்சாரம் கொள்ளும் பேட்டரியும் பின்சக்கர இயக்கமும் கொண்ட அந்த வண்டிக்கு இந்தியாவின் ஏஆர்ஏஐ சோதனை கொடுத்த தூரம் 631 கிலோமீட்டர். ஐரோப்பாவின் டபிள்யூஎல்டிபி சோதனையில் அதே அளவு பேட்டரிக்குக் கிடைத்தது 481 கிலோமீட்டர். பேட்டரி அதேதான், அளந்த முறைதான் வேறு.

சீனாவின் சிஎல்டிசி சோதனையில் சராசரி வேகம் மணிக்கு 29 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. டபிள்யூஎல்டிபியில் சராசரி சுமார் 46. மின்சார வண்டிக்கு நிதான வேகம் மிகவும் பிடிக்கும், அதனால் சோதனை எவ்வளவு மெதுவாக ஓடுகிறதோ அவ்வளவு பெரிய எண் கிடைக்கும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏ, ஆய்வகத்தில் கிடைத்த தூரத்தைப் பொதுவாகச் சுமார் 30 சதவீதம் குறைத்துத்தான் அறிவிக்கிறது. ஆகவே ஒரு வண்டியின் சிஎல்டிசி எண்ணையும் இன்னொன்றின் டபிள்யூஎல்டிபி எண்ணையும் பக்கத்தில் வைத்து எது பெரிது என்று பார்ப்பது தவறு. இரண்டுக்கும் ஒரே சோதனையின் எண் கிடைக்கும்வரை உங்கள் ஒப்பீட்டுத் தாளில் அந்த வரிசையைக் காலியாக விட்டுவிடுங்கள்.

நெடுஞ்சாலையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் கூடும். மணிக்கு 90 கிலோமீட்டரிலிருந்து 120க்குப் போனால், காற்றை எதிர்க்க மட்டும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 78 சதவீதம் கூடுதல் மின்சாரம் வேண்டும். எஸ்யூவியின் உயரமும் அகலமும் இங்கேதான் வலிக்கும். தலைக்கு மேலே பெட்டி கட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு இன்னும் அதிகம்.

அப்படியானால் பெரிய பேட்டரி இருக்கும் வண்டியை எடுத்துவிட்டால் போதாதா?

பலரும் இங்கேதான் முடித்துவிடுகிறார்கள். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி மாதிரி. தொட்டி எவ்வளவு பெரியது என்பதோடு, குழாய் எவ்வளவு ஒழுகுகிறது என்றும் பார்க்க வேண்டும். அந்த ஒழுக்கை ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை வாட் மணி என்று அளக்கிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் வண்டியில் பயன்படுத்தக்கூடிய பேட்டரி 75 கிலோவாட் மணி, நெடுஞ்சாலையில் கிலோமீட்டருக்கு 200 வாட் மணி செலவு. இரண்டாவதில் 60 கிலோவாட் மணி, செலவு 170. முழுச் சார்ஜில் கிளம்பி 10 சதவீதம் மிச்சம் வைத்தால் முதலாவது 337 கிலோமீட்டர் ஓடும், இரண்டாவது 317. பேட்டரி கால் மடங்கு பெரியது, ஆனால் கிடைத்த லாபம் 20 கிலோமீட்டர். அந்த 20 கிலோமீட்டருக்காக ஆயுள் முழுக்கக் கூடுதல் எடையைச் சுமந்து, கூடுதல் மின்சாரத்துக்கும் பணம் கட்டுகிறீர்கள்.

மாடல் ஒய் இந்த விஷயத்தில் மெச்சத்தக்க வண்டி. அதன் கூரை பின்னால் சரிந்து இறங்குவதும் காற்று எளிதில் வழுக்கிப் போகும் உடலும் அழகுக்காக மட்டும் வந்தவை அல்ல. ஐயோனிக் 5இன் கூர்மையான மடிப்புகள் பார்க்க எனக்கு மிகவும் பிடிக்கும், ஆனால் நெடுஞ்சாலை வேகத்தில் அந்த வடிவத்துக்குக் கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகக் கொடுத்தாக வேண்டும்.

இன்னொன்று. விளம்பரத்தில் வரும் பேட்டரி அளவு மொத்த அளவா, பயன்படுத்தக்கூடிய அளவா என்று கேளுங்கள். பேட்டரியின் பாதுகாப்புக்காக ஒரு பகுதியைத் தயாரிப்பாளரே பூட்டி வைத்திருப்பார். சிலர் மொத்தத்தைச் சொல்கிறார்கள், சிலர் மிச்சத்தைச் சொல்கிறார்கள்.

எல்எஃப்பி, என்எம்சி என்று இரண்டு வகைப் பேட்டரி சொல்கிறார்கள். எது நல்லது?

எல்எஃப்பி என்பது லித்தியம், இரும்பு, பாஸ்பேட் சேர்ந்தது. என்எம்சியில் நிக்கல், மாங்கனீசு, கோபால்ட் உண்டு. அதே எடைக்கு என்எம்சி அதிக மின்சாரம் கொள்ளும். எல்எஃப்பி அதிக முறை சார்ஜ் ஏறி இறங்கத் தாங்கும், எளிதில் தீப்பிடிக்கும் தன்மையும் குறைவு. கடுங்குளிரில் மட்டும் எல்எஃப்பி சார்ஜ் ஏறச் சோம்பல்படும்.

அன்றாட வாழ்க்கையில் நீங்கள் உணரப்போகும் வேறுபாடு வேறொன்று. என்எம்சி பேட்டரியைத் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வார்கள், நீண்ட பயணத்துக்கு மட்டும் 100. எல்எஃப்பியை 100 வரை தயங்காமல் ஏற்றலாம். டெஸ்லாவே தன் எல்எஃப்பி வண்டிகளை வாரம் ஒரு முறையாவது 100 வரை ஏற்றச் சொல்கிறது, ஏனெனில் அந்தப் பேட்டரியின் மின்னழுத்தம் நடுவில் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் இருப்பதால், மிச்சம் எவ்வளவு என்று வண்டிக்குச் சரியாகத் தெரிய முழுச் சார்ஜ் உதவுகிறது. ஆகவே 60 கிலோவாட் மணி எல்எஃப்பியும் 75 கிலோவாட் மணி என்எம்சியும் அன்றாடத்தில் சமமே. 75இல் 80 சதவீதம் 60தானே!

தினமும் பத்துமணி நேரம் கவனமில்லாமல் செருகி வைத்துவிட்டுப் போகும் குடும்பத்துக்கு எல்எஃப்பியைத்தான் சொல்வேன்.

வீட்டில் சார்ஜ் செய்வதை எப்படி ஒப்பிடுவது?

இதுதான் என் கணிப்பில் மிக முக்கியமான கேள்வி. ஆனாலும் ஷோரூமில் பலர் இதைக் கேட்பதே இல்லை.

வீட்டு மின்சாரம் மாறுதிசை மின்னோட்டம். பேட்டரிக்கு நேர்திசை மின்னோட்டம் வேண்டும். மாற்றித் தரும் கருவி வண்டிக்குள்ளேயே இருக்கிறது, அதன் திறன்தான், அதாவது கிலோவாட் கணக்கில் அது மின்சாரம் ஏற்றும் வேகம்தான், எல்லை. 230 வோல்ட்டில் 32 ஆம்பியர் என்றால் சுமார் 7.4 கிலோவாட். மும்முனை இணைப்பில் 16 ஆம்பியர் என்றால் 11 கிலோவாட். சுவரில் 22 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் வண்டிக்குள் இருப்பது 11 என்றால் 11தான் ஏறும்.

எத்தனை கிலோவாட் என்பதை விட, மணிக்கு எத்தனை கிலோமீட்டர் ஏறுகிறது என்று கணக்கிடுங்கள். 7.4 கிலோவாட்டில் பத்தில் ஒரு பங்கு வழியில் வீணானாலும், கிலோமீட்டருக்கு 170 வாட் மணி செலவழிக்கும் வண்டிக்கு ஒரு மணி நேரத்தில் 39 கிலோமீட்டர் ஏறும். 200 செலவழிக்கும் வண்டிக்கு 33தான். சாதாரண 16 ஆம்பியர் பிளக்கில் மணிக்கு 15 கிலோமீட்டர் அளவில் எதிர்பார்க்கலாம், இரவு பத்து மணி நேரத்தில் 150. நாளுக்கு 50, 60 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு அந்தச் சாதாரண பிளக்கே தாராளம். பெரிய பெட்டி மாட்டியே ஆக வேண்டும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் வயரிங்கும் நில இணைப்பும் சரியாக இருக்கிறதா என்று மின்பணியாளரைக் கொண்டு பார்த்துவிடுங்கள். பல மணி நேரம் இடைவிடாமல் அந்த அளவு மின்னோட்டம் போகும்போது பழைய பிளக் சூடாகி உருகும். என் வீட்டிலேயே ஒரு பிளக் முனை கருகிப்போய், நல்லவேளையாக வாடையை வைத்துக் கண்டுபிடித்தோம்.

வண்டி நிற்கும் இடத்தில் மின் இணைப்புக்கு வழியே இல்லை என்றால் இந்த இரண்டு வண்டிகளில் எது என்ற கேள்வியைத் தள்ளி வையுங்கள். முதலில் அதற்கு ஏற்பாடு செய்யுங்கள். பொதுச் சார்ஜரை மட்டுமே நம்பி வண்டி வாங்கியவர்களில் வருத்தப்படாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

வழியில் வேகமாகச் சார்ஜ் செய்ய 250 கிலோவாட் வண்டி சிறந்ததா, 230 கிலோவாட் வண்டியா?

அந்த எண் உச்சம் மட்டும்தான். உச்சத்தில் வண்டி எவ்வளவு நேரம் இருக்கிறது என்பதை அது சொல்லாது. பேட்டரி காலியாக இருக்கும்போது மின்சாரம் பாய்ந்து ஏறும், நிரம்ப நிரம்ப வேகம் தணியும், 80 சதவீதத்துக்கு மேல் பெரும்பாலான வண்டிகளில் நத்தை வேகம். இதை வரைந்தால் வருவதுதான் சார்ஜ் வளைகோடு.

மாடல் ஒய் நெடுந்தூர வகையின் உச்சம் 250 கிலோவாட். ஆனால் 10 சதவீதத்திலிருந்து 80 வரை ஏற 25 முதல் 30 நிமிடம் பிடிக்கிறது. ஐயோனிக் 5இன் 77.4 கிலோவாட் மணி வகையின் உச்சம் அதைவிடக் குறைவு. ஆனால் போதிய திறனுள்ள 350 கிலோவாட் சார்ஜரில் 10 முதல் 80 வரை 18 நிமிடம் என்று ஹூண்டாய் சொல்கிறது, நல்ல சூழ்நிலையில் அது நடக்கவும் செய்கிறது. அந்த 18 நிமிடத்தில் 54 கிலோவாட் மணி ஏறுவதால் சராசரி 180 கிலோவாட் ஆகிறது. உச்சம் குறைந்த வண்டி முந்துகிறது, காரணம் அது அந்த வேகத்தை நெடுநேரம் பிடித்து நிற்கிறது.

ஆகவே கேட்க வேண்டியது, 10 முதல் 80 வரை எத்தனை நிமிடம்? அதைவிட நல்ல கேள்வி, 20 நிமிடத்தில் நெடுஞ்சாலை வேகத்தில் எத்தனை கிலோமீட்டருக்குச் சார்ஜ் ஏறும்? இதில் சார்ஜ் வேகமும் சிக்கனமும் ஒன்றாக வந்துவிடும். குழந்தைகளோடு கழிப்பறைக்குப் போய், தேநீர் குடித்துத் திரும்ப 20 நிமிடம் ஆகும். அதற்குள் 200 கிலோமீட்டர் ஏறுகிற வண்டி என்றால் நிறுத்தியதே தெரியாது.

பேட்டரியின் சூடும் முக்கியம். சார்ஜ் நிலையத்தை வண்டியின் வரைபடத்தில் இலக்காகக் குறித்தால், போய்ச் சேர்வதற்குள் பேட்டரியைத் தகுந்த சூட்டுக்குக் கொண்டுவரும் வசதி சில வண்டிகளில் உண்டு. ஒரே வண்டியின் பழைய தயாரிப்பில் இல்லாமல் புதியதில் வந்திருக்கலாம். நீங்கள் வாங்கப்போகும் வகையில் இருக்கிறதா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

800 வோல்ட் வண்டி என்கிறார்களே, அது கட்டாயமா?

ஐயோனிக் 5 அந்த 18 நிமிடத்தை எட்டுவது அதன் 800 வோல்ட் அமைப்பால்தான். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் அதே திறனுக்கு மின்னோட்டம் பாதி போதும், கம்பியும் சூடும் குறையும். ஆனால் உங்கள் வழியில் இருப்பவை 60 கிலோவாட் சார்ஜர்கள் என்றால் 800 வோல்ட்டும் 400 வோல்ட்டும் அங்கே ஒன்றுதான், இரண்டு வண்டிகளும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கும். 400 வோல்ட்டுக்கென்று கட்டிய சார்ஜரில் 800 வோல்ட் வண்டி மின்னழுத்தத்தை உள்ளே உயர்த்தித்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், வேகம் கணிசமாகக் குறையும்.

நீங்கள் எழுதி வைத்த அந்தக் கடினப் பயணத்தின் வழியை எடுங்கள். அதில் எத்தனை சார்ஜ் நிலையங்கள், ஒவ்வொன்றிலும் எத்தனை துப்பாக்கிகள் (வண்டியில் செருகும் சார்ஜ் முனைகள்), என்ன திறன் என்று பாருங்கள். ஒரே ஒரு துப்பாக்கி இருக்கும் நிலையத்தை நான் கணக்கில் சேர்ப்பதே இல்லை. இணைப்பு முனையும் பொருந்த வேண்டும்: ஐரோப்பாவிலும் இந்தியாவிலும் சிசிஎஸ் 2, சீனாவில் ஜிபி/டி, வட அமெரிக்காவில் சிசிஎஸ் 1இலிருந்து டெஸ்லாவின் என்ஏசிஎஸ் முனைக்கு மாறிக்கொண்டிருக்கிறார்கள். வேறொரு நாட்டிலிருந்து வந்த பழைய வண்டியை வாங்குபவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

வெயிலும் குளிரும் எவ்வளவு பாதிக்கும்?

ஏசிக்கு ஒன்று முதல் இரண்டு கிலோவாட் போகும். கேட்கப் பெரிதாக இல்லை. ஆனால் எந்த வேகத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அதன் கனம் மாறும். 1.5 கிலோவாட் ஏசி, மணிக்கு 100 கிலோமீட்டரில் போகும்போது கிலோமீட்டருக்கு 15 வாட் மணி எடுக்கும். நெரிசலில் மணிக்கு 20இல் ஊர்ந்தால் அதுவே 75. நகரத்தில் மின்சார வண்டி எப்போதும் சிக்கனம் என்ற நம்பிக்கை கோடை நெரிசலில் ஆட்டம் காண்பது இதனால்தான்.

குளிர் நாட்டில் வாழ்பவர்கள் வெப்பப் பம்பு இருக்கும் வண்டியையே எடுக்க வேண்டும். சாதாரண மின் சூடாக்கி ஒரு பங்கு மின்சாரத்துக்கு ஒரு பங்கு வெப்பமே தரும், வெப்பப் பம்பு வெளிக்காற்றிலிருந்தும் வெப்பத்தை இழுப்பதால் மிதமான குளிரில் இரண்டு மூன்று பங்கு தரும்.

நீண்ட காலத்தில் பேட்டரியின் பெரிய எதிரி வெப்பம். 2010இல் வந்த முதல் நிஸான் லீஃப் பேட்டரிக்குத் திரவக் குளிர்விப்பு கிடையாது. வெப்பம் மிகுந்த அரிசோனா போன்ற இடங்களில் அதன் கொள்ளளவு சீக்கிரமே குறைந்துபோனதாகப் புகார்கள் எழுந்தன. இன்றைய மாடல் ஒய், ஐயோனிக் 5 இரண்டிலும் திரவக் குளிர்விப்பு உண்டு. உங்கள் பட்டியலில் இருப்பவற்றிலும் உண்டா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

இடவசதியில் எண்களைப் பார்த்தால் போதுமா?

போதாது. நீளத்தை வைத்து இடத்தைக் கணிக்கும் பழைய வழக்கம் மின்சார வண்டியில் செல்லாது. முதலில் வந்த ஐயோனிக் 5இன் நீளம் 4,635 மில்லிமீட்டர், முதலில் வந்த மாடல் ஒய்யின் நீளம் சுமார் 4,750. ஆனால் முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ஐயோனிக்கில் 3,000, மாடல் ஒய்யில் 2,890. வெளியே சிறிய வண்டிக்குள் கால் நீட்ட அதிக இடம். சாமான் என்று வந்தால் கதை திரும்பிவிடும். மாடல் ஒய்யில் டிக்கியின் தரைக்குக் கீழே ஆழமான குழி இருக்கிறது, முன்னாலும் 117 லிட்டர் பெட்டி. ஐயோனிக்கின் முன்பெட்டியில் சார்ஜ் கம்பியை வைக்கலாம், அவ்வளவுதான். நான்கு பேர் குடும்பமாக வாரக் கணக்கில் பயணம் போகிறவர்களுக்கு மாடல் ஒய். முதியவர்களைப் பின்னால் உட்காரவைத்து அழைத்துப் போகிறவர்களுக்கு, பின்சீட்டு முன்னும் பின்னும் நகரும் ஐயோனிக்.

எண்ணில் வராத ஒன்று உண்டு. பேட்டரி தரைக்குக் கீழே படுத்திருப்பதால் தரை உயர்ந்துவிடும், சீட்டு அதே உயரத்தில் இருக்கும். பின்னால் உட்கார்ந்தால் முழங்கால் மேலே தூக்கி, தொடைக்கு அடியில் தாங்கல் இல்லாமல் போகும். பத்து நிமிடத்தில் இது தெரியாது. இரண்டு மணி நேரத்தில் இடுப்பு சொல்லிவிடும். வீட்டில் எல்லாரையும்விட உயரமானவரையும் மூத்தவரையும் அழைத்துப்போய் பின்சீட்டில் உட்காரவையுங்கள்.

டெஸ்ட் டிரைவில் எதைக் கவனிக்க வேண்டும்?

வேகமாகப் பாய்வதை யாரும் சொல்லாமலே பார்த்துவிடுவீர்கள். எல்லா மின்சார எஸ்யூவியும் பாயும், ஒரு வாரத்தில் பழகிவிடும். பழகாதவை வேறு.

ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி மின்சாரத்தைத் திரும்பச் சேமித்துக்கொண்டே தானாக வேகம் குறைக்கும். ஓட்டுபவருக்கு இது சுகம். பின்னால் இருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் தலை முன்னால் ஆடும், சிலருக்குக் குமட்டும். ஐயோனிக் 5இல் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உள்ள துடுப்புகளால் இந்த அளவை ஓடும்போதே கூட்டிக் குறைக்கலாம். உங்கள் இரு வண்டிகளிலும் இதை எங்கே மாற்றுவது, எந்த அளவு மென்மையாக்கலாம் என்று பாருங்கள், பின்சீட்டில் ஒருவரை வைத்துக்கொண்டே பாருங்கள்.

பிறகு, மோசமான சாலை ஒன்றைத் தேடிப்போங்கள். இந்த வண்டிகள் ஏறத்தாழ இரண்டு டன் எடை. அந்த எடையைத் தாங்க சஸ்பென்ஷன் இறுக்கமாக இருக்கும், பெரிய சக்கரமும் ஒல்லியான டயரும் சேர்ந்தால் ஒவ்வொரு குழியும் முதுகில் தெரியும். எஞ்சின் சத்தம் இல்லாததால் டயர் சத்தமும் காற்றுச் சத்தமும் முன்னுக்கு வரும். முடிந்தால் இரண்டு வண்டிகளையும் ஒரே நாளில், ஒரே சாலையில் ஓட்டுங்கள். ஒரு வார இடைவெளியில் ஓட்டினால் மனது இரண்டாவதற்குச் சாய்ந்துவிடும்.

எல்லாம் திரையிலேயே இருந்தால் சிரமமா?

எனக்குச் சிரமம்தான். மாடல் ஒய்யில் ஓட்டுபவருக்கு நேரே மீட்டர் கிடையாது, வேகத்தையும் நடுத்திரையில்தான் பார்க்க வேண்டும். பழகிவிடுகிறது என்று பலர் சொல்கிறார்கள். ஓடும்போது கண்ணாடியில் பனி படர்ந்தால் அதை நீக்க எத்தனை தொடுதல் வேண்டும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். ஐரோப்பாவில் வண்டிகளின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் தரும் யூரோ என்கேப் அமைப்பும், 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்ற சில அவசியமானவற்றுக்குத் தனிப் பொத்தானோ நெம்புகோலோ இருந்தால்தான் முழு மதிப்பு என்று விதி வைத்திருக்கிறது.

வைப்பர் என்றதும் நினைவு வருகிறது. முதலில் வந்த ஐயோனிக் 5இல் பின்கண்ணாடிக்கு வைப்பரே இல்லை. மழைநாளில் பின்னால் ஒன்றும் தெரியவில்லை என்று வாங்கியவர்கள் குறைப்பட்டார்கள், மாற்றியமைத்த வகையில் சேர்த்துவிட்டார்கள். பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால் பாருங்கள்.

இரண்டுக்கும் ஐந்து நட்சத்திரம். அப்படியானால் பாதுகாப்பு சமம்தானே?

சோதனை நடந்த ஆண்டைப் பாருங்கள், விதிகள் ஆண்டுக்கு ஆண்டு கடுமையாகின்றன. நட்சத்திரத்துக்கு உள்ளேயும் பாருங்கள். யூரோ என்கேப்பில் ஐயோனிக் 5 2021இலும் மாடல் ஒய் 2022இலும் ஐந்து நட்சத்திரம் பெற்றன. பெரியவர்களின் பாதுகாப்பில் முன்னதற்கு 88 சதவீதம், பின்னதற்கு 97. இரண்டும் நல்ல வண்டிகள். ஆனால் சமம் என்று சொல்ல மாட்டேன்.

நான்கு சக்கர இயக்கம் வேண்டுமா?

பனியிலும் சேற்றிலும் ஓட்டுபவருக்கு வேண்டும். மற்றவர்கள் அந்தப் பணத்தை அடுத்த அளவு பேட்டரிக்குப் போடலாம். இரண்டாவது மோட்டார் எடையையும் கூட்டும், தூரத்தையும் குறைக்கும்.

பேட்டரி வாரண்டியில் எந்த வரியைப் படிக்க வேண்டும்?

எட்டு ஆண்டு, 1,60,000 கிலோமீட்டர் என்பது பரவலான வழக்கம். அந்தக் காலத்துக்குள் கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போனால் சரிசெய்து தருவார்கள் என்பதே பெரும்பாலும் அதன் பொருள். 70 என்ற எண் எழுத்தில் இருக்கிறதா, அல்லது 'இயல்பான தேய்மானம் நீங்கலாக' என்று மழுப்பியிருக்கிறார்களா என்று தேடுங்கள். கொள்ளளவை யார் அளப்பார்கள், எப்படி அளப்பார்கள் என்றும் கேளுங்கள். பேட்டரி ஒரே துண்டாக மாற்ற வேண்டியதா, பழுதான பகுதியை மட்டும் மாற்றலாமா என்பதும் வாரண்டி முடிந்த பிறகு பெரிய வேறுபாடாக வந்து நிற்கும். அடிப்பகுதியில் கல் இடித்துப் பேட்டரிப் பெட்டி நசுங்கினால் அது வாரண்டியில் வராது. அதற்கு இன்ஷூரன்ஸ் வருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இந்த வண்டிகளில் உண்மையில் என்ன பழுதாகிறது?

பெரிய பேட்டரிக்கு எல்லாரும் பயப்படுகிறார்கள். நடுவழியில் நிறுத்துவது பல நேரம் சிறிய 12 வோல்ட் பேட்டரி. கதவுப் பூட்டு, கணினிகள், பெரிய பேட்டரியை இணைக்கும் விசை எல்லாம் அதை நம்பித்தான் இருக்கின்றன. அது செத்தால், பெரிய பேட்டரியில் 90 சதவீதம் இருந்தாலும் வண்டி அசையாது. 2024 மார்ச்சில் ஹூண்டாயும் கியாவும் சேர்ந்து அமெரிக்காவில் ஏறத்தாழ 1,47,000 மின்சார வண்டிகளைத் திரும்ப அழைத்தன. இந்தச் சிறிய பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் பாகம் பழுதாகி, ஓடும்போதே உந்துதல் குறையக்கூடும் என்பதே காரணம், ஐயோனிக் 5உம் அதில் இருந்தது. டெஸ்லா 2023 டிசம்பரில் அங்கே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குத் தன் ஓட்டுநர் உதவி வசதியில் திருத்தம் செய்தது. அதை மென்பொருளாக வீட்டிலிருக்கும் வண்டிக்கே அனுப்பிவிட்டது.

திரும்ப அழைத்த எண்ணிக்கையை வைத்து நல்ல நிறுவனம், கெட்ட நிறுவனம் என்று முடிவு செய்ய வேண்டாம். பணிமனைக்குப் போக வேண்டியிருந்ததா, பாகம் உடனே கிடைத்ததா, எத்தனை நாள் வண்டி இல்லாமல் இருந்தார்கள் என்பதை அந்த வண்டி வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். என் வண்டி ஒரு சிறு பாகத்துக்காகப் பதினெட்டு நாள் பணிமனையில் நின்றது. அந்தப் பதினெட்டு நாளும் அதன் பேட்டரி அளவு எனக்கு எந்த வகையிலும் உதவவில்லை.

ஸ்டெப்னி தருவார்களா?

பெரும்பாலும் இல்லை. பஞ்சர் ஒட்டும் கருவிதான் இருக்கும். ஆளில்லாச் சாலையில் அடிக்கடி போகிறவர் தனியாக ஒன்றுக்கு இடம் ஒதுக்க வேண்டும், அப்போது டிக்கியின் லிட்டர் கணக்கு மாறிவிடும்.

வண்டியிலிருந்து வீட்டுக்கு மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்களே?

ஐயோனிக் 5இலிருந்து வெளிக் கருவிகளுக்கு 3.6 கிலோவாட் வரை எடுக்கலாம். மின்வெட்டு வந்தால் விளக்கு, மின்விசிறி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் ஓடும். வீட்டின் மொத்தச் சுமை சராசரியாக ஒரு கிலோவாட் என்றால், 77 கிலோவாட் மணி பேட்டரியில் பாதியைக் கொடுத்தாலும் ஒன்றரை நாள் தாங்கும். மின்வெட்டு அடிக்கடி வரும் இடத்தில் இருப்பவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான் இல்லை. வீட்டில் மருத்துவக் கருவியை நம்பி ஒருவர் இருந்தால், மற்ற எல்லா வரிசைகளையும் விட இந்த ஒரு வரிக்காகவே நான் வண்டியைத் தேர்ந்தெடுப்பேன். ஆனால் அந்த வெளியிணைப்பை நேராக வீட்டு வயரிங்கில் செருகக் கூடாது, கருவியைத்தான் அதில் செருக வேண்டும்.

எல்லாம் பார்த்த பிறகும் இரண்டும் சமமாகவே தெரிகின்றன. என்ன செய்வது?

ஒவ்வொன்றையும் ஒரு முழு நாள் வாடகைக்கு எடுங்கள். முதல் கேள்வியில் எழுதி வைத்தீர்களே, அந்தக் கடினப் பயணத்தில் ஒரு பாதியையாவது அதே ஆட்களோடும் அதே சாமானோடும் ஓட்டுங்கள். கிளம்பும்போது சார்ஜ் எத்தனை சதவீதம், சேரும்போது எத்தனை, நடுவில் சார்ஜ் செய்ய நின்றது எத்தனை நிமிடம் என்று மூன்று எண்களைக் குறியுங்கள். வீடு திரும்பியதும் பின்சீட்டில் இருந்தவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: நாளைக்கே மறுபடியும் இதில் இதே தூரம் வருவீர்களா? யோசிக்காமல் 'வருகிறோம்' என்று எந்த வண்டிக்குச் சொன்னார்களோ, அதற்கு முன்பணம் கட்டுங்கள்.